மைன்கிராஃப்ட் சர்வருக்கு எந்த டேட்டாபேஸ்?

நண்பர்கள் நாலைந்து பேர் விளையாடத்தான் சர்வர் என்றால் மரியாடிபி என்ற தனி டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவ மெனக்கெட வேண்டாம். யாருக்கு என்ன அனுமதி என்பதைக் கவனிக்கும் லக்பெர்ம்ஸ் பிளகின் தானாகவே தன் கோப்புறையிலுள்ள எச்2 என்ற சின்ன டேட்டாபேஸில் எழுதிக்கொள்ளும், அதுவே தாராளம். அனுமதிகளை நோட்பேடில் திறந்து பார்க்க ஆசையா? கான்ஃபிக் கோப்பில் ஸ்டோரேஜ் மெத்தட் வரியை யாமல் (yaml, சாதாரண உரைக் கோப்பு வடிவம்) என்று மாற்றுங்கள்.

லாபி, சர்வைவல் என இரண்டு சர்வர்களை வெலாசிட்டி என்ற இணைப்பு மென்பொருளில் இணைத்து, அனுமதிகளும் பொதுவாக இருக்க வேண்டுமென்றால்தான் மரியாடிபி பக்கம் போக வேண்டும். பழைய தரவு தானாக இடம் மாறாது. முதலில் தரவைக் கோப்பாக எடுக்க லக்பெர்ம்ஸின் எல்பி எக்ஸ்போர்ட் கட்டளை, அப்புறம் கான்ஃபிக் மாற்றம், ரீஸ்டார்ட், கடைசியில் அந்தக் கோப்பை உள்ளே ஏற்ற இம்போர்ட். இந்த வரிசை முக்கியம்.

பேக்கப்பை சர்வரை நிறுத்திவிட்டு எடுங்கள். கட்டிய வீடும் பெட்டியிலுள்ள வைரமும் டேட்டாபேஸில் இல்லை, வேர்ல்டு ஃபோல்டரில் இருக்கின்றன. அதையும் சேர்த்தே காப்பி செய்யுங்கள்.