'லா யும்பா' டாங்கோவைக் கேட்கப் பழகுவது எப்படி?

டாங்கோ அர்ஜென்டினாவின் நடன இசை. அதில் பாடகர் இல்லாத, வாத்தியங்கள் மட்டுமே உள்ள வகையை முதன்முறை கேட்கப்போகிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது 'லா யும்பா'. புவெனஸ் ஐரஸைச் சேர்ந்த பியானோ கலைஞர் ஒஸ்வால்தோ புக்லியேசே இயற்றி, தன் குழுவோடு 1946இல் பதிவு செய்தது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் தாங்கும்.

படி 1: ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் டபுள் பேஸ், அதாவது ஆளுயர வயலின் போன்ற அடித்தொனி வாத்தியம், காணாமல் போய்விடும். அது இல்லாமல் இந்த இசையில் பாதி இல்லை. இதைப் புக்லியேசேயே பிற்பாடு மறுபடி பதிவு செய்திருக்கிறார். 1946 பதிவையே தேடி எடுங்கள்.

படி 2: விரலால் நான்கு நான்காகத் தட்டுங்கள். ஒன்றும் மூன்றும் 'யும்' என்று கனமாக விழும். இரண்டிலும் நான்கிலும் பியானோவின் அடிக்கட்டைகள் 'பா' என்று மங்கலாக உறுமும். பெயரே அந்தச் சத்தத்திலிருந்து வந்ததுதான். இத்தனைக்கும் குழுவில் டிரம் கிடையாது. பாண்டோனியோன் (அக்கார்டியன் போன்ற துருத்தி வாத்தியம்), வயலின், பியானோ, டபுள் பேஸ், இவைதான் தாளத்தையும் சுமக்கின்றன.

படி 3: இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அந்தக் கனமான அடி திடீரென்று வருவதில்லை. அதற்குச் சற்று முன்பே டபுள் பேஸும் பாண்டோனியோன்களும் ஒலியைத் தரையோடு தரையாக இழுத்து வந்து, அடியில் கொண்டுபோய் இறக்குகின்றன. இந்த இழுவையை 'அர்ராஸ்த்ரே' என்பார்கள். பாண்டோனியோன்காரர் வாத்தியத்தை முழங்காலில் வைத்துத் துருத்தியை வெடுக்கென்று விரிப்பார். அழுத்தம் அங்கிருந்து வருகிறது. இந்த இழுவை காதில் பிடிபடும்வரை தொடக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடுங்கள்.

படி 4: அப்புறம் வயலினைப் பின்தொடருங்கள். தாளம் தளர்ந்து வழிவிட, மெட்டு நீளமாகப் பாடும். கரைந்துவிடுமோ என்று நினைக்கும்போது 'யும்பா' திரும்பி வந்துவிடும். டாங்கோ என்றாலே சோகம் என்பார்கள். எனக்கு இதில் சோகத்தைவிட விடாப்பிடிதான் அதிகம் கேட்கிறது. ஏக்கம் இருக்கிறது, ஆனால் குனிந்துகொடுக்கவில்லை.

புக்லியேசே கம்யூனிஸ்ட். குழுவின் வருமானத்தைக் கூட்டுறவு முறையில் பங்கிட்டவர். அரசியலுக்காகச் சிறை போனபோது, பியானோ மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டுக் குழு வாசித்தது. இந்த மெட்டு அதைச் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேரும் ஒரே உடம்பாக மூச்சுவிடுவதைக் கேட்கும்போது அது நினைவுக்கு வராமல் இருக்காது.

படி 5: ஒப்பிட, ஹுவான் தாரியென்சோ குழுவின் 1937 'லா கும்பர்சிதா'வைப் போடுங்கள். அதே நான்கு அடி, ஆனால் துண்டு துண்டாக, துள்ளலாக, இழுவையே இல்லாமல் ஓடும். வித்தியாசம் புரிந்ததா? சரி, இனி புக்லியேசேயின் 'நெக்ராச்சா', 'மலாந்த்ராகா' இரண்டையும் கேளுங்கள். 'யும்பா'வை அவர் இன்னும் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பது அவற்றில் இருக்கிறது.