எம்.எட். ஆய்வேடு: தலைப்பிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

எம்.எட். சேருபவர்களில் பலர் அதை பி.எட்.டின் இரண்டாம் பாகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பி.எட். எப்படிக் கற்பிப்பது என்று சொல்லித்தரும். எம்.எட்.டில், 'இப்படிக் கற்பித்தால் பிள்ளைகளுக்குப் புரிகிறதா, அது நமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கப் பழக வேண்டும். இது பிடிபடாதவர்கள் தேர்வுத் தாள்களை எல்லாம் நன்றாக எழுதிவிட்டு ஆய்வேட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் சறுக்கல் தலைப்பில். 'மேல்நிலை மாணவர்களின் கணித மனப்பான்மையும் அடைவும்' என்று எடுப்பார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இதே தலைப்பு நூலக அலமாரியில் வரிசையாக நிற்கும். அதை விட்டுவிட்டு, வகுப்பில் உங்களை உறுத்திய ஒன்றை எடுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் சில பிள்ளைகள் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுவார்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகும் விடை அரையைவிடக் குறைந்திருக்கிறதே என்று அவர்களுக்கு உறைப்பதில்லை. எப்படிக் காட்டினால் உறைக்கும்? ஓர் ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

அப்புறம் வினாநிரல். ஒவ்வொரு கூற்றுக்கும் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' முதல் 'அறவே ஒத்துக்கொள்ளவில்லை' வரை ஒன்றில் டிக் போடச் சொல்லும், உளவியலாளர் லைகர்ட் 1932இல் அறிமுகப்படுத்திய அளவுகோல் எளிதாகத் தெரிவதால், ஒரே இரவில் நாற்பது கூற்றுகளை எழுதிவிடுகிறோம். 'என் ஆசிரியர் தெளிவாகவும் அன்பாகவும் கற்பிக்கிறார்' என்ற கூற்றைப் பாருங்கள். தெளிவு உண்டு, அன்பு இல்லை என்றால் அந்தப் பிள்ளை எதில் டிக் போடும்? சிறு குழுவிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, 'இதை எப்படிப் புரிந்துகொண்டாய்?' என்று கேட்டாலே பாதிக் கூற்றுகள் உதிர்ந்துவிடும். கிரான்பாக் ஆல்பா என்ற நம்பகத்தன்மை எண் 0.7ஐத் தாண்டியதும் வினாநிரல் சரி என்று நிம்மதியடைவது இன்னொரு தவறு. கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அந்த எண் காட்டும். நீங்கள் அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறீர்களா என்பது வேறு கேள்வி.

சோதனை ஆய்வு செய்பவர்கள் புது முறையில் தாங்களே உற்சாகமாகப் பாடம் எடுப்பார்கள். ஒப்பிடுவதற்காகப் பழைய முறையிலேயே படிக்கும் கட்டுப்பாட்டுக் குழு வேறோர் ஆசிரியரிடம் இருக்கும். மதிப்பெண் கூடியது முறையாலா, ஆளாலா? வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பதில் இருக்காது. முடிந்தால் இரண்டு வகுப்பையும் ஒருவரே எடுக்கட்டும், தொடங்கும் முன்பே இரண்டுக்கும் ஒரு முன்தேர்வும் வைத்துவிடுங்கள். வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம், அதுவும் முடிவுதான். எண்களை அதற்காக வளைக்காதீர்கள்.

பழைய குறிப்புகளை நம்பி எழுதுவதும் உண்டு. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் பாஷ்லர் குழுவினர் 2008இலேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் அது இன்னும் பல ஆய்வேடுகளின் முதல் அத்தியாயத்தில் சத்தியவாக்காக உட்கார்ந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, பள்ளியின் நாட்காட்டி. ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது போய் நின்றால் எந்தத் தலைமையாசிரியரும் வகுப்பைத் தரமாட்டார். பெற்றோரின் ஒப்புதல் கடிதங்கள் திரும்பி வரவே சில வாரங்கள் ஓடிவிடும். வினாநிரலுக்குக் கைடு தலையசைப்பதற்கு முன்பே பள்ளிக்குப் போய்ப் பேசி வைத்துவிடுங்கள்.