ரூட் எழுதும்போது இடறும் இடங்கள்

பக்கம் வரவில்லை என்றால் நாம் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பக்கத்துக்கான ஃபங்ஷனைத்தான். உள்ளே ஒரு பிரிண்ட் போட்டுப் பார்ப்போம். ஒன்றும் வராது. எப்படி வரும்? பிரவுசர் அனுப்பிய கோரிக்கை அங்கே போய்ச் சேரவே இல்லை. வேறொரு ரூட் அதை வழியிலேயே மடக்கியிருக்கும். ரூட் என்பது, எந்த முகவரிக்கு எந்த ஃபங்ஷன் பதில் சொல்லும் என்று நாம் எழுதும் விதி.

ஜாங்கோ, எக்ஸ்பிரஸ், ஃபாஸ்ட்ஏபிஐ ஆகிய மூன்று ஃப்ரேம்வொர்க்குகளும் (வலைத்தளம் கட்ட உதவும் ஆயத்தத் தொகுப்புகள்) ரூட்களை நாம் எழுதிய வரிசையில்தான் பார்க்கும். முதலில் பொருந்துவது எதுவோ, அதனிடம் கோரிக்கையைக் கொடுத்துவிடும். ‘/பதிவு/<பெயர்>’ (கோணக்குறிக்குள் இருப்பது மாறி, அங்கே எந்தச் சொல்லும் வரலாம்) என்பதை மேலே எழுதி ‘/பதிவு/புதிது’ என்பதைக் கீழே எழுதினால், கீழே உள்ளதற்கு வேலையே கிடையாது. மேலே உள்ளது, ‘புதிது’ என்று ஒரு பதிவு இருப்பதாக நினைத்துத் தரவுத்தளத்தில் தேடி, கிடைக்காமல் 404 (‘பக்கம் இல்லை’) காட்டும். இந்தத் தவறு பொல்லாதது, ஏனென்றால் பிழைச் செய்தி நம்மைத் தரவுத்தளத்தின் பக்கம் திருப்பிவிடும். நானும் ஒரு மாலை முழுக்க அங்கேதான் தேடிக்கொண்டிருந்தேன். குறிப்பான ரூட் மேலே, பொதுவானது கீழே இருக்க வேண்டும்.

ஃபிளாஸ்க் என்ற ஃப்ரேம்வொர்க்கில் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அதன் அடியில் உள்ள வெர்க்சூக் என்ற நூலகம், ரூட்களைத் தானே எடைபோட்டு, மாறாத சொல் உள்ளதை முன்னே வைத்துக்கொள்ளும். அங்கே வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதிவிட்டு ஜாங்கோவுக்கு வந்தால் அடி நிச்சயம்.

முகவரியில் வரும் மாறிக்கு வகை சொல்லாமல் விடுவதும் இதற்குச் சொந்தக்காரத் தவறுதான். ஜாங்கோவில் வகை சொல்லாத மாறி, சாய்கோட்டைத் தவிர எதையும் விழுங்கும். எண்தான் வர வேண்டும் என்றால் ‘இன்ட்’ என்று சொல்லிவிடுங்கள். எழுத்து வந்தால் அந்த ரூட் ஒதுங்கிக்கொள்ளும், அடுத்தது பார்த்துக்கொள்ளும். ஆனால் 57 என்ற எண் ரூட்டைத் தாண்டி வந்துவிட்டது என்பதற்காக, 57-ஆம் பதிவு இருக்கிறது என்றோ, கேட்டவர் அதைப் பார்க்கலாம் என்றோ ஆகாது. அந்த இரண்டையும் ஃபங்ஷனுக்குள் நாம்தான் சோதிக்க வேண்டும்.

அப்புறம் கடைசிச் சாய்கோடு. ஜாங்கோவில் ரூட் ‘/தொடர்பு/’ என்று இருக்கும்போது ஒருவர் ‘/தொடர்பு’ என்று கேட்டால், இயல்பான அமைப்பில் அது 301 (‘முகவரி மாறிவிட்டது’ என்ற பதில்) கொடுத்துச் சரியான முகவரிக்கு அனுப்பும். படிக்க வருபவருக்கு இது வசதி. படிவம் அனுப்புபவருக்கு ஆபத்து: 301 கிடைத்ததும் பிரவுசர் போஸ்ட்டை (விவரம் அனுப்பும் கோரிக்கை) கெட் (பக்கம் கேட்கும் கோரிக்கை) ஆக மாற்றிவிடும், நிரப்பிய விவரம் காணாமல் போகும். டீபக் நிலையில் (தளத்தை உருவாக்கும்போது பிழை தேட வைக்கும் அமைப்பு) ஜாங்கோ இதைப் பிழையாகவே காட்டும். நேரடித் தளத்தில் சத்தமே இருக்காது. தலைகீழாக, சாய்கோடு இல்லாத ரூட்டைச் சாய்கோட்டோடு கேட்டால் 404. சாய்கோடு உண்டா இல்லையா என்று முதல் நாளே முடிவுசெய்து, தளம் முழுக்க அதையே வைத்துக்கொள்வது நல்லது.

404-ஐயும் 405-ஐயும் ஒன்றாக நினைக்காதீர்கள். 405 வந்தால் முகவரி சரி, கெட்டா போஸ்ட்டா என்பதில்தான் தவறு. அழிக்கும் வேலையை கெட் ரூட்டில் வைப்பதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன். தேடுபொறியின் கிராலர் (தளங்களைத் தானாகச் சுற்றிவரும் நிரல்) இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாலே போதும், பதிவுகள் போய்விடும்.

கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை ரூட்டில் எழுதிப் பொருத்தப் பார்ப்பவர்களும் உண்டு. ஜாங்கோவும் ஃபிளாஸ்க்கும் ரூட்டைப் பொருத்தும்போது அதைப் பார்ப்பதே இல்லை. ‘#’ குறிக்குப் பின்னால் இருப்பதோ சர்வருக்கே வராது.

பக்கத்தின் மாதிரி வடிவமான டெம்ப்ளேட்டில் முகவரியைக் கையால் அடிக்காமல், ரூட்டின் பெயரைச் சொல்லி ஃப்ரேம்வொர்க்கையே முகவரியை உருவாக்கச் சொல்லுங்கள். நாளை ‘/பதிவு’ என்பதை ‘/கட்டுரை’ என்று மாற்றினாலும் இணைப்புகள் உடையாது.

எந்த ரூட் மடக்கியது என்று ஊகிக்க வேண்டியதும் இல்லை. ரெயில்ஸ், லாராவெல், ஃபிளாஸ்க் ஆகிய மூன்று ஃப்ரேம்வொர்க்குகளிலும் ரூட்களைப் பட்டியலிட ஒரு கட்டளை இருக்கிறது. ஜாங்கோவில் ஷெல்லை (கட்டளைகளை அடித்துப் பார்க்கும் திரை) திறந்து ‘ரிசால்வ்’ ஃபங்ஷனிடம் முகவரியைக் கொடுத்தால், அது எந்த ஃபங்ஷனுக்குப் போகிறது என்று அதுவே சொல்லிவிடும்.