வலிப்பு 5 நிமிடம் தாண்டினால்: மூக்கு ஸ்ப்ரேயைக் கையாளும் விதம்

வலிப்பு வந்ததும் பல வீடுகளில் முதலில் தேடுவது இரும்புச் சாவியைத்தான். சாவியை விடுங்கள், மணியைப் பாருங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவருக்காவது நினைவிருக்கும். அந்தப் பதற்றத்தில் ஒரு நிமிடமே பத்து நிமிடம் போலத் தெரியும், அதனால் மனக்கணக்கை நம்ப முடியாது.

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தால் போதும். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். பல் கிட்டியிருக்கும்போது வாயில் தண்ணீர், மாத்திரை, கரண்டி எதுவும் வேண்டாம்.

5 நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் அது தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு, இனி மருந்துதான். வீட்டில் கொடுப்பதற்கென்று டாக்டர்கள் அதிகம் எழுதித் தருவது மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே. ஊசி போடத் தெரியாதவரும் கொடுக்கலாம், மூக்கின் உட்சவ்வு வழியாக நேராக ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் வேலை செய்யும்.

இதில் கவனமாக இருக்க வேண்டியது அளவில். வழக்கமான கணக்கு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதிகபட்சம் 10 மில்லிகிராம். ஆனால் ஒரு அழுத்தலுக்கு 0.5 மி.கி. வருகிற ஸ்ப்ரேயும் இருக்கிறது, 1.25 மி.கி. வருகிற ஸ்ப்ரேயும் இருக்கிறது. 15 கிலோ குழந்தைக்கு 3 மி.கி. என்றால் 0.5 ஸ்ப்ரேயில் ஆறு அழுத்தல், மூக்குத் துளைக்கு மூன்று, 1.25 ஸ்ப்ரேயில் அதே ஆறு அழுத்தினால் இரண்டரை மடங்கு போய்விடும். அதனால் நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். "எத்தனை அழுத்தல்" என்று டாக்டரிடமே எழுதி வாங்கி, அந்தச் சீட்டை ஸ்ப்ரே டப்பாவிலேயே ஒட்டி வையுங்கள். குழந்தையின் எடை கூடும்போது எண்ணிக்கையும் மாறும், ஒவ்வொரு முறை போகும்போதும் கேளுங்கள்.

கொடுக்கும்போது மூக்கில் சளி இருந்தால் துடைத்துவிட்டு, புது பாட்டிலாக இருந்தால் காற்றில் சில முறை அழுத்தி மருந்து சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு, மொத்த அளவைப் பாதிப் பாதியாக இரண்டு துளைகளிலும் அடிக்க வேண்டும். ஒரே துளையில் முழுவதும் அடித்தால் தொண்டைக்கு வழிந்துவிடும். அடித்த நேரத்தையும் குறித்துக்கொண்டு 108க்குப் போன் செய்யுங்கள். மறுபடி ஒரு முறை கொடுக்கலாமா என்பது டாக்டர் முன்பே சொல்லியிருந்தால் மட்டும்.

அப்புறம் அவர் தூங்கிவிடுவார், அது இயல்பு. ஆனால் இந்த மருந்து மூச்சை மெதுவாக்கக்கூடியது, அதனால் தனியே விடாமல் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உதடு நீலமானாலோ மூச்சு திணறினாலோ உடனே 108க்குச் சொல்லுங்கள். முதல் முறையாக வரும் வலிப்பு, கர்ப்பிணிக்கு வருவது, தண்ணீருக்குள் வந்தது, நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வருவது, இவற்றுக்கெல்லாம் 5 நிமிடம் காத்திருக்கவே கூடாது, உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? மிடாசோலம் போய் ஒட்டவேண்டிய காபா ஏற்பிகள் (மூளையின் பரபரப்பை அடக்கும் சிக்னலை வாங்கும் இடங்கள்), வலிப்பு நீள நீள நரம்புசெல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுவிடும், அதே மருந்து அரை மணி கழித்துப் போனால் பிடிப்பதற்கு அங்கே இடமே குறைந்திருக்கும். ஆஸ்பத்திரியில் முதலில் லோராசெபம் ஊசி போடுவார்கள், அதற்கும் நிற்கவில்லை என்றால் லெவிடிரசெட்டம், ஃபாஸ்ஃபெனிடோயின், வால்ப்ரோயேட் ஆகிய வலிப்பு மருந்துகள் மூன்றில் ஒன்றை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். 2019ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இந்த மூன்றும் ஏறக்குறைய சமமாகத்தான் வேலை செய்தன, எதைக் கொடுத்தாலும் சுமார் பாதிப் பேருக்குத்தான் வலிப்பு நின்றது. அந்தக் கட்டத்துக்குப் போகாமல் தடுக்கும் வாய்ப்பு வீட்டில், முதல் சில நிமிடங்களில்தான் இருக்கிறது.

ஸ்ப்ரேயைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் ஒன்று, வெளியூர்ப் பையில் ஒன்று. காலாவதி தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.