ஜிமெயில் ஏபிஐ-யில் 403: ஸ்கோப்பை மாற்றியும் மெயில் போகவில்லையா?

பைத்தான் ஸ்கிரிப்ட்டிலிருந்து ஜிமெயில் ஏபிஐ (நிரல்கள் ஜிமெயிலைப் பயன்படுத்தக் கூகுள் தரும் வழி) மூலம் மெயில் அனுப்பப் பத்து நிமிடம் போதும் என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது ராத்திரி ஒரு மணி. அதுவரை திரையில் வந்ததெல்லாம் ஒரே வரிதான்: 403, ‘ரிக்வெஸ்ட் ஹேட் இன்சஃபிஷியன்ட் ஆத்தென்டிகேஷன் ஸ்கோப்ஸ்’. அதாவது, ஸ்கிரிப்ட்டுக்குக் கிடைத்த ஸ்கோப் (எதையெல்லாம் செய்யலாம் என்ற அனுமதி) போதாது, அதனால் மறுப்பு. தப்பு முழுக்க என்னுடையது.

கூகுள் கிளவுட் கன்சோலில் புராஜெக்ட் உருவாக்கி, ‘டெஸ்க்டாப் ஆப்’ வகையில் கிளையன்ட் ஐடி (கூகுளிடம் உங்கள் ஆப்பின் அடையாளம்) எடுத்து, அந்த ஜேசன் கோப்பை ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள்

403 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தேடப் போகாதீர்கள். ‘அக்சஸ் நாட் கான்ஃபிகர்ட்’ என்றிருந்தால் புராஜெக்ட்டில் ஜிமெயில் ஏபிஐ எனேபிள் ஆகவில்லை. எனேபிள் செய்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். பிரவுசரில் லாகின் செய்யும்போதே ‘அக்சஸ் பிளாக்ட்’ என்று வந்தால், பெரும்பாலும் டெஸ்ட் யூசர் பட்டியலில் (சோதனை நிலையில் ஆப்பைப் பயன்படுத்தக்கூடியவர்கள்) உங்கள் மெயில் ஐடி இருக்காது. ‘இன்சஃபிஷியன்ட்’ என்ற சொல் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: சரியான ஸ்கோப்

அனுப்புவதற்கு ‘ஜிமெயில்.சென்ட்’ ஒன்றே போதும். எதற்கு வம்பு என்று சிலர் முழு அஞ்சல்பெட்டிக்குமான ஸ்கோப்பைப் போடுகிறார்கள். அதை வைத்து எல்லா மெயிலையும் படிக்கலாம், நிரந்தரமாக அழிக்கவும் செய்யலாம். வாசல் சாவி கேட்டவனுக்கு யாராவது பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்பார்களா?

படி 3: பழைய டோக்கனை அழியுங்கள்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். கூகுளின் பைத்தான் மாதிரி நிரலில் இருப்பது மெயிலைப் படிக்க மட்டும் விடும் ‘ஜிமெயில்.ரீட்ஒன்லி’. முதலில் அதை அப்படியே ஓட்டிப் பார்த்தேன். கூகுள் தரும் டோக்கனை, அதாவது அனுமதிச் சீட்டை, சேமித்து வைக்கும் ‘டோக்கன்.ஜேசன்’ என்ற கோப்பு உருவானது. அப்புறம் ஸ்கோப்பை ‘சென்ட்’ என்று மாற்றி ஓட்டினால் 403.

ஏன் என்றால், நிரல் அந்தக் கோப்பைப் பார்த்ததும் மறுபடி அனுமதி கேட்பதில்லை. கையில் இருப்பது படிக்க மட்டும் வாங்கிய டோக்கன். இதில் இன்னொரு குழி: சந்தேகப்பட்டு ‘கிரெட்ஸ்.ஸ்கோப்ஸ்’ என்று அச்சிட்டுப் பார்த்தேன், ‘சென்ட்’ என்றே காட்டியது! நான் கொடுத்த பட்டியலைத்தான் அது எனக்கே திருப்பிக் காட்டுகிறது. கூகுள் கொடுத்ததை அல்ல. உண்மையைப் பார்க்க, ஆக்சஸ் டோக்கனைக் கூகுளின் ‘டோக்கன்இன்ஃபோ’ முகவரிக்கு அனுப்புங்கள். நான் இதற்கு கர்ல் (டெர்மினலிலிருந்து இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் கருவி) தவிர வேறெதையும் தொடமாட்டேன். யாரோ நடத்தும் வலைத்தளத்தில் டோக்கனை ஒட்டிப் பார்ப்பது வேண்டாத வேலை.

ஆக்சஸ் டோக்கனின் ஆயுள் சுமார் 1 மணி நேரம். அது முடிந்தபின் ஓட்டினால் 403-க்குப் பதிலாக ‘இன்வேலிட் ஸ்கோப்’ என்று வரும். நோய் அதேதான்.

மருந்து: ‘டோக்கன்.ஜேசன்’ கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிரவுசர் திறந்து அனுமதி கேட்கும். மாதிரி நிரலின் தலைப்பிலேயே இதைக் கமென்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். யார் படித்தோம்?

படி 4: அனுப்பிப் பாருங்கள்

பெறுநர் இடத்தில் உங்கள் ஐடியையே போட்டு அனுப்புங்கள். பதிலில் மெசேஜ் ஐடி வந்தால் போய்விட்டது.

பின்சேர்க்கை: கோப்பை அழித்தும் 403 வருகிறது என்று ஒருவர் எழுதினார். அனுமதிப் பக்கத்தில் ‘சார்பாக மெயில் அனுப்பலாம்’ என்ற பெட்டியை டிக் செய்யாமலே ‘தொடர்க’ அழுத்தியிருக்கிறார். இன்னொருவர் மாதிரி நிரலில் லேபிள்களைப் பட்டியலிடும் வரியை எடுக்கவே இல்லை. ‘சென்ட்’ மட்டும் இருந்தால் லேபிளைப் பார்க்க முடியாது, அந்த வரியிலேயே 403 வந்துவிடும்.

மற்றொன்று: ஒரு வாரம் ஓடிய ஸ்கிரிப்ட் ‘இன்வேலிட் கிரான்ட்’ என்று நின்றால், ஆப் இன்னும் ‘டெஸ்டிங்’ நிலையில் இருக்கிறதா பாருங்கள். வெளிப் பயனர்களுக்கான ஆப் அந்த நிலையில் இருந்தால் ரெஃப்ரெஷ் டோக்கன் (புது ஆக்சஸ் டோக்கன் வாங்கப் பயன்படுவது) 7 நாளில் காலாவதியாகும். ‘புரொடக்‌ஷன்’ நிலைக்கு மாற்றிவிட்டு, சரி, மறுபடியும் அதே கோப்பை அழியுங்கள்.