ஒருவரின் ஸ்கோர் குறைவா? கூட்டு வீட்டுக் கடனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டினால் கடன் தொகை கூடும் என்ற கணக்கில்தான் பலரும் கூட்டாக விண்ணப்பிக்கிறார்கள். கூடவே இருவரின் பழைய கடன் வரலாறும் சேர்ந்து போகிறது என்பதை யோசிப்பதில்லை. கடனைக் கட்டிய விதத்தைப் பார்த்துத் தரப்படும் மதிப்பெண்தான் கிரெடிட் ஸ்கோர். அது ஒருவருக்கு 780, மற்றவருக்கு 610 என்றால் கடன் தருபவர் சராசரி பார்ப்பார் என்று நம்பிவிடக் கூடாது. குறைந்த ஸ்கோரை வைத்தே வட்டியைத் தீர்மானிப்பவர்கள் நிறைய. 20 ஆண்டுக் கடனில் வட்டி 8.5 சதவீதத்திலிருந்து 9.5 ஆனால், கட்டும் மொத்த வட்டி அசலில் 108 சதவீதத்திலிருந்து 124 சதவீதமாக ஏறும்.

முதல் தவறு, ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு, கடன் வரலாறு பதிவாகியிருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டைப் படிக்காமல் விடுவது. வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே, குறைந்தது ஆறு மாதம் கையில் இருக்கும்போது, இருவரின் ரிப்போர்ட்டையும் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவையில் நிற்கலாம். பெயர் ஒற்றுமையால் வேறு யாருடைய கடனோ ஏறியிருக்கலாம். எப்போதோ நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அங்கே தெரியும். பிழை இருந்தால் ரசீதுகளுடன் திருத்தம் கேளுங்கள். அது முடியச் சில வாரங்கள் பிடிக்கும். விண்ணப்பம் போட்ட பிறகு கண்டுபிடித்தால் அந்த அவகாசம் கிடைக்காது.

அவசரத்தில் நடக்கும் இன்னொரு தவறு, பழைய பாக்கியைக் குறைத்துப் பேசி முடிப்பது. அப்படி முடித்த கணக்கில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். முழுத் தொகை வரவில்லை என்றுதான் அடுத்து கடன் தருபவர் அதைப் படிப்பார். முடிந்தால் பாக்கி முழுவதையும் கட்டி, ‘குளோஸ்டு’ என்று மாற்றவைத்து, நிலுவையில்லாச் சான்றை வாங்கி வையுங்கள்.

கிரெடிட் கார்டில் கவனிக்க வேண்டியது தேதி. மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுபவருக்கும் ஸ்கோர் இறங்குவதுண்டு. பல சமயம் பில் தயாராகும் நாளில் உள்ள பாக்கிதான் ரிப்போர்ட்டுக்குப் போகிறது. லிமிட்டில் 80 சதவீதம் செலவழித்து, கெடு தேதியில் கட்டினாலும் பதிவில் 80 சதவீதமே நிற்கலாம். பில் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கட்டி, பாக்கியை 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். பயன்படுத்தாத பழைய கார்டை இந்தச் சமயத்தில் மூட வேண்டாம். மூடினால் மொத்த லிமிட் குறைந்து, அதே பாக்கியின் சதவீதம் ஏறிவிடும்.

ஓரிடத்தில் மறுத்தார்கள் என்று அடுத்தடுத்து ஐந்தாறு இடங்களில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு முழு விண்ணப்பமும் இருவர் ரிப்போர்ட்டிலும், கடன் கேட்டதற்கான விசாரணையாகப் பதிவாகும். நல்ல ஸ்கோர் உள்ளவருடையதும் வீணாகச் சரியும். முன்பணத்துக்காகத் தனிநபர் கடன் வாங்குவதும் கெடுதல்தான். அதன் தவணையையும் கழித்தே உங்கள் திருப்பிக் கட்டும் திறனைப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: இருவரும் கடனில் சேர வேண்டுமா? நல்ல ஸ்கோர் உள்ளவரின் வருமானமே போதுமென்றால் அவர் மட்டும் விண்ணப்பிப்பது மலிவு. கூட்டாக எவ்வளவு, என்ன வட்டி, தனியாக எவ்வளவு, என்ன வட்டி என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். கடனில் பெயர் வேறு, பத்திரத்தில் பெயர் வேறு. கடன் கட்டுவதாலேயே வீட்டில் பங்கு வந்துவிடாது. பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரும் கடனிலும் கையெழுத்திட வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள். அதை முன்கூட்டியே விசாரியுங்கள். பெயர் விடுபடும் துணையின் பங்கை எப்படிப் பாதுகாப்பது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இதை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளினால், உறவு முறியும்போதோ ஒருவர் இறந்துவிட்டாலோ பெயர் விடுபட்டவருக்குப் பெரும் சிக்கல் வரும்.

கூட்டாக வாங்கினால், பாதிப் பாதிப் பொறுப்பு என்று எண்ண வேண்டாம். ஒருவர் நிறுத்தினால் முழுத் தவணையும் மற்றவர் தலையில் விழும். ஒரு தவணை தவறினாலும் இருவர் ரிப்போர்ட்டிலும் ஏறும். தவணைக்கெனத் தனிக் கணக்கு வைத்து, சம்பளம் வந்த மூன்று நான்கு நாளில் பிடிக்கும்படி தேதி கேளுங்கள். அந்தக் கணக்கில் எப்போதும் இரண்டு தவணைத் தொகை கூடுதலாக இருக்கட்டும்.