ஆட்காட்டி கத்துகிறதா? நாம் தப்பான இடத்தில் நிற்கிறோம்

கேமரா வாங்கிய முதல் வருடம் நான் எடுத்த பறவைப் படங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும். கழுத்தை நீட்டி, இறகையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு, பறவை என்னையே பார்க்கும். அன்றைக்கு அது 'செம லுக்'. இன்றைக்கு அதே படங்களை எடுத்துப் பார்த்தால், ஓடலாமா நிற்கலாமா என்று கணக்குப் போடும் ஒரு பயந்த உயிர்தான் தெரிகிறது. இரை தேடுவதையும் கூடு கட்டுவதையும் எடுக்கப் போய், என்னைக் கண்டு மிரள்வதை மட்டும் வருடம் முழுக்க எடுத்துத் தள்ளியிருக்கிறேன்.

முதல் தவறு நடையிலேயே தொடங்கிவிடுகிறது. பறவையைப் பார்த்ததும் நேர்கோட்டில், கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, நின்றபடி நெருங்குகிறோம். இரைக்குக் குறி வைத்த விலங்கும் அப்படித்தான் வரும். கண்மாய்க் கரையில் மாடு மேய்ப்பவர் இரண்டடி தள்ளிப் போனாலும் உண்ணிக்கொக்கு அசையாது, அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை என்று அதற்குத் தெரியும். ஆகவே வளைந்து போங்கள், இடையிடையே உட்காருங்கள், வேறு பக்கம் பாருங்கள். இன்னும் நல்லது, போகவே வேண்டாம். பறவை வரும் இடத்தில் விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டால் அரைமணி நேரத்தில் நாமும் ஒரு கருவேலங்கட்டை ஆகிவிடுவோம். சாலையோரப் பறவைகளுக்குக் காரே நல்ல மறைவு. கதவைத் திறந்து இறங்கினால்தான் பனங்காடை கம்பியை விட்டுப் பறக்கிறது.

ஆட்காட்டிக் குருவியிடம் நான் பட்ட வெட்கத்தைச் சொல்லியாக வேண்டும். வற்றிய கண்மாய், நல்ல கோடை, மணி பதினொன்றுக்கு மேல். இரண்டு ஆட்காட்டிகள் என் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்திக்கொண்டே இருந்தன. பறக்கும் படம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே என்று அரைமணி நேரம் அங்கேயே நின்று சுட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, காலடியில முட்டை கெடக்கு. பாத்து வைங்க" என்றார். இரண்டு முழம் தள்ளி நான்கு முட்டைகள். மண் நிறம், மேலே கரும்புள்ளிகள், சுற்றிச் சின்னக் கற்கள். அவர் காட்டியிராவிட்டால் மிதித்திருப்பேன்.

கோடையில் இந்தப் பறவை முட்டை மேல் உட்காருவது சூடு கொடுக்க மட்டுமல்ல, பகலில் வெயிலை மறைக்கவும்தான். தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டை மேல் அமரும். எடுக்க வேண்டிய படம் அது. தாய் தந்தை இரண்டையும் வானத்தில் நிறுத்தி வைத்துவிட்டு முட்டையைப் பாறைச் சூட்டில் வேகவிட்டேன். அதிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ஆட்காட்டி கத்த ஆரம்பித்தால் வந்த வழியே திரும்புவது. கத்தல் எங்கே நிற்கிறதோ அங்கே உட்கார்ந்தால், சில சமயம் கால்மணி நேரத்தில் பறவை நடந்தே கூட்டுக்குத் திரும்புவதைப் பார்க்கலாம்.

கூட்டருகே படமெடுப்பது எல்லாப் பறவைக்கும் ஆபத்துதான். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை நண்பகலில் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிக்கும். அதை விரட்டினால் குஞ்சு வெயிலில் கிடக்கும், காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். தேன்சிட்டுக் கூட்டை மறைக்கும் இலையைப் 'படத்துக்கு இடைஞ்சல்' என்று கிள்ளி எறிகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த இலைதான் கூட்டுக்குக் கதவு. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி தேவையில்லை.

ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையைக் கூப்பிடுவதும் அதே ரகம். தன் எல்லைக்குள் எதிரி ஒருவன் வந்துவிட்டான் என்று நம்பித்தான் அது ஓடி வருகிறது. இரை தேடவோ ஜோடியைக் கவனிக்கவோ வேண்டிய நேரம், இல்லாத எதிரியைத் தேடுவதில் போய்விடும். கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புவது பற்றி எழுதவே கோபம் வருகிறது. கூந்தன்குளத்துக்கு இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து, திரும்பிப் போகவும் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாம் ஒரு ஃப்ரேமுக்காகக் கை தட்டுகிறோம்.

சரி, கேமராவுக்கு வருவோம். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் மணல் மணலாக வரும் என்று பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைப்பதுதான் அதிகம் பார்க்கும் தவறு. மணலைக் கணினியில் ஓரளவு துடைக்கலாம், ஆடிய சிறகை ஒன்றும் செய்ய முடியாது. பறக்கும் பறவைக்கு 1/2000 நொடியில் தொடங்குங்கள், மீன்கொத்தி பாய்வதற்கு அதற்கும் மேலே. இருண்ட தண்ணீருக்கு முன் நிற்கும் வெள்ளைக் கொக்கைக் கேமராவின் கணிப்புக்கே விட்டால் இறகெல்லாம் சுண்ணாம்படித்த சுவராகிவிடும், வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) மைனஸ் பக்கம் ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, தள்ளுங்கள். வெளுத்த வானத்தின் முன் கரிச்சான் என்றால் பிளஸ் பக்கம். வெயில் ஏறியபின் கோடியக்கரையில் தூரத்துப் பூநாரைகளை எடுக்காதீர்கள், கானல் அலையில் எந்த லென்ஸும் தோற்கும்.

காற்றை யாரும் கவனிப்பதில்லை. பறவை கூடியவரை காற்றுக்கு எதிராகவே எழும்பும், எதிராகவே இறங்கும். காற்று நம் முதுகில் படும்படி நின்றால் முகம் நம்மை நோக்கி வரும். இல்லையென்றால் நாள் முழுக்க வால்தான்.

லென்ஸுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியைப் பறவையைச் சும்மா பார்ப்பதற்குச் செலவழித்தால் படம் தானாக மாறும். பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்ததும் பெரும்பாலும் பழைய கிளைக்கே திரும்பி, தேனீயாக இருந்தால் கொடுக்குப் போகும்வரை கிளையில் அடிக்கும். முதல் தடவை விட்டால் விரட்டாமல் அதே கிளையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். மீன்கொத்தியின் அலகில் மீனின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். தான் விழுங்குவதென்றால் தலை தொண்டையை நோக்கித் திரும்பியிருக்கும். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது ஜோடிக்கோ குஞ்சுக்கோ போகிற சாப்பாடு. பக்கத்துக் கரையில் பொந்து இருக்கலாம், நாம் அந்த வழியை மறித்துக்கொண்டு நிற்கவும் கூடும். தூக்கணாங்குருவியில் முழுக்கூட்டை எடுப்பதைவிட, பாதி கட்டிய கூட்டில் ஆண் தொங்கிச் சிறகடிக்க, பெண் வந்து சோதித்துப் பார்க்கும் நிமிடங்கள் எவ்வளவோ மேல். பெண்ணுக்குப் பிடிக்காமல் போவதும் உண்டு. அந்த ஆணின் நிலை பாவம்தான்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு தவறு மிச்சம் இருக்கிறது. ஆந்தைப் பொந்தையோ அரிய பறவையையோ இடத்தோடு போட்டால் மறுநாள் காலை அங்கே பத்து கேமரா நிற்கும். பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் தளமே ஆபத்திலுள்ள சில பறவைகளின் சரியான இடத்தை மறைத்துவிடுகிறது. செல்போன் படத்தோடு இடக்குறிப்பும் ஒட்டிக்கொண்டு போகும், அதை நீக்கிவிட்டுப் போடுங்கள். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு மாவட்டத்தின் பெயர் போதும்.